ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு விரல்

சின்னவள் அக்கா வீட்டுக்குக் குடிவந்தது நல்ல பட்டப்பகலில். ஒரு பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு மேசை விளக்கு. முப்பத்தைந்து வயது வரைக்கும் அவள் சேர்த்த சாமான் அவ்வளவுதான். வண்டிக்காரர் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டுப் போனதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பழைய மாடி வீடு. சுவரெல்லாம் மழைநீர் இழுத்த கறுப்புக் கோடுகள். மாடியில் ஒரே ஒரு ஜன்னல், அகலத் திறந்து கிடந்தது.

கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா வெளியே வந்தாள்.

"என்னக்கா இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"தூக்கமே இல்லடி. நீதான் வந்துட்டல்ல, இனிமே தேறிடுவேன்."

"பாப்பா எங்க?"

"ஹாஸ்டல்ல சேத்துட்டேன். அங்க படிப்பு நல்லா இருக்காம்."

பதினொரு வயது மகளை எதற்கு அவ்வளவு தூரத்தில் விட்டாள் என்று கேட்க நினைத்தவள் கேட்கவில்லை. அக்கா செய்தால் அதில் காரணம் இருக்கும். அம்மா போனபோது சின்னவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து தலை பின்னிவிட்டதும், மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சலில் கூடவே விழித்துக் கிடந்ததும் அக்காதான். அவள் ஒரு மருந்தை நீட்டினால் என்னவென்று பார்க்காமல் விழுங்குகிறவள் சின்னவள். அக்கா கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். 'மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு, நீ எதுக்குத் தனியா கஷ்டப்படுற' என்று அக்கா நாலு மாதமாகப் போனில் நச்சரித்ததும், வேலையைக்கூடப் பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது ஒரு கிட்டார். அறை முழுக்கத் துடைத்துச் சுத்தமாக இருந்தும் மெல்லிய ஒரு வாசனை போகாமல் நின்றது. துருப்பிடித்த கம்பியும் இருமல் மிட்டாயும் கலந்த வாசனை.

"அதை எடுத்துப் பாரேன்" என்றாள் அக்கா. அவள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். "நான் கத்துத் தரேன். உன் விரல் தங்கமான விரல்."

அது உண்மைதான். கடையில் லென்ஸை ஓரம் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் உட்காராது. அவள் கையில் எதுவும் பிசகியதில்லை.

கடை மதியம் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். சாப்பிட்டு முடித்ததும் பாடம். அக்கா அறை வாசலில் நின்றபடியே வெறும் காற்றில் விரல் வைத்துக் காட்டுவாள், காட்டிவிட்டுத் தைக்கக் கீழே போய்விடுவாள்.

"கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கிற இரும்புப் பட்டைதான் ஃப்ரெட். அஞ்சாவது ஃப்ரெட்ல ஆள்காட்டி விரலை வச்சு அழுத்திக்கோ. வலது கையால கம்பியை ஒரே ஒரு தடவைதான் மீட்டணும். அந்தச் சத்தம் ஓயறதுக்குள்ள மோதிர விரலை ஏழாவது ஃப்ரெட்ல சுத்தியல் மாதிரி இறக்கு. திரும்ப மீட்டக் கூடாது. விரல் விழுற வேகத்துலயே அடுத்த சத்தம் வரணும். இதுக்குப் பேர் ஹேமர் ஆன்."

"ஐயோ, வலிக்குதுக்கா."

"முதல்ல வலிக்கும், அப்புறம் காய்ச்சிடும். அதே விரலை எடுக்கிறதுதான் புல் ஆஃப். சும்மா தூக்கினா சத்தம் செத்துடும். எடுக்கும்போதே கம்பியைக் கீழ இழுத்துச் சுண்டி விடணும். அப்பதான் பழைய சத்தம் திரும்பி வரும்." அக்கா கையை இறக்கிக்கொண்டாள். "எனக்குக் கடைசி வரைக்கும் அது வரலை."

சின்னவளுக்கு அடிப்பது அஞ்சு நாளில் வந்துவிட்டது. விரல் விழுந்த இடத்தில் சத்தம் கணீரென்று எழுந்தது. அந்தக் கணத்தில் கீழே தையல் மெஷின் நின்றுபோனதை அவள் கவனித்தாள். அவள் வாசித்தால் மெஷின் நிற்கும். அவள் நிறுத்தினால் ஓடும். அக்கா காது கொடுத்துக் கேட்கிறாள் என்பதில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஆனால் இழுப்பது வரவில்லை. விரலை எடுத்தால் கம்பி 'டப்' என்று ஊமையாகிவிடும். நூறு தடவை, இருநூறு தடவை. விரல் நுனியில் கம்பி பதிந்து சிவப்பாகப் பள்ளம் விழுந்தது.

எட்டாம் நாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. அவள் ஐந்தாவதில் விரல் வைத்து மீட்டினாள். ஏழாவதில் அடித்தாள். இழுக்கப் போனாள்.

அவள் மோதிர விரலின் மேல் இன்னொரு விரல் வந்து உட்கார்ந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நகத்தின் மேல் பாரம் இருந்தது. காய்ச்சுப்போன விரல் நுனி அது, தக்கை மாதிரிச் சொரசொரப்பு, ஈரத் துணி மாதிரிச் சில்லிப்பு. அது அவள் விரலை அவசரமில்லாமல் கொஞ்சம் சாய்த்தது. கீழ்நோக்கி இழுத்தது. விட்டது.

பழைய சத்தம் திரும்பி வந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் இருமல் மிட்டாய் வாசனை ஏறிக்கொண்டே போனது, யாரோ முகத்துக்கு நேரே வாய் திறந்த மாதிரி.

அன்று சாயங்காலம் துணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, மேல யாரோ இருக்காங்க."

கத்தரி ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "பழைய வீடுடி. அப்படித்தான் தோணும். அதுக்காக விட்டுடாத, நல்லா வருது உனக்கு."

அக்காவே சொல்லிவிட்டாள். சின்னவள் மறுநாளும் மாடி ஏறினாள்.

அடுத்த வாரத்தில் அக்காவின் முகத்தில் சதை பிடித்தது. கண்ணுக்குக் கீழே கட்டியிருந்த கருவளையம் வெளுத்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். சின்னவளுக்குத்தான் தூக்கம் போயிற்று. கடையில் லென்ஸைத் தேய்க்கும்போது இடது கை தானாக மடங்கியது. ஆள்காட்டி விரல் எதையோ அழுத்திப் பிடிக்க, மோதிர விரல் விழுந்து எழுந்தது. மூன்று லென்ஸ்கள் சில்லு பெயர்ந்து வீணாயின. முதலாளி விநோதமாகப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அக்கா பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சின்னவள் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கர்ச்சீப் எடுத்தாள். கிட்டார் மடியில் சும்மா கிடந்தது. இடது கை மட்டும் அதன் கழுத்தில் இருந்தது.

அடி. இழு. அடி. இழு.

சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளுடைய வலது கை நெற்றியில் இருந்தது.

கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. ஹாஸ்டலிலிருந்து பாப்பா.

"சித்தி, அம்மா பக்கத்துல இல்லையா?"

"கடைக்குப் போயிருக்காங்கடா. எப்படி இருக்க?"

பாப்பா ரகசியமாகக் கேட்டாள்.

"சித்தி, அவங்க உங்க விரலையும் பிடிச்சாங்களா?"

"யாருடா?"

"மாடிக்காரம்மா. என் விரலை ஒரே ஒரு தடவைதான் பிடிச்சாங்க. அம்மா உடனே என்னை இங்க கொண்டுவந்து விட்டுட்டாங்க. சித்திக்கு வந்துட்டா உனக்கு வராதுன்னு சொன்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் எப்ப சித்தி வீட்டுக்கு வரலாம்?"

அக்கா திரும்பி வந்தபோது சின்னவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டன் பொட்டலத்தை மேசையில் வைத்த அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"பாப்பா போன் பண்ணினாளா?"

"மாடிக்காரம்மா யாரு?"

அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளாகச் சொல்லக் காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"மாடில வாடகைக்கு இருந்தாங்க. ஹோட்டல் பேண்டுல கிட்டார் வாசிச்சவங்க. எப்பப் பாத்தாலும் இருமல். எனக்குக் கத்துக் குடுத்தாங்க. புல் ஆஃப் எனக்கு வரவே இல்ல. ஒருநாள் ரொம்பத் திட்டிட்டாங்க. அடுப்புல பால் இருக்கு, இதோ வரேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்தேன். திரும்பப் போகலை. கோவம். மேல ஒரே கம்பியை அடிச்சு அடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. என்னைக் கூப்பிடத்தான் அப்படிப் பண்றாங்க, பண்ணட்டும்னு பேசாம இருந்துட்டேன். மறுநாள்தான் போய்ப் பாத்தேன். நாற்காலில உக்காந்த மேனிக்கே..." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு அந்தப் பாடம் முடியணும்டி. ராத்திரியெல்லாம் என் விரலைப் பிடிச்சாங்க, என்கிட்ட அது முடியலை. என்னுதை விட நல்ல விரலாத் தேடுறாங்க. பாப்பா மேல போய் விளையாட்டா அந்தக் கம்பியைத் தொட்டா. அன்னிக்கே அவ கையைப் பிடிச்சுட்டாங்க. குழந்தைடி அவ."

"நான்?"

அக்கா தரையில் கிடந்த நூல் துண்டைப் பொறுக்கினாள்.

"நான் யாருக்கா?"

"உனக்குப் புருஷன், புள்ளைன்னு யாரும் இல்ல" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. "உனக்கு யாரும் இல்லையேன்னு நினைச்சேன்."

"எனக்கு நீ இருந்தியேக்கா."

அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். எத்தனையோ தடவை அந்தத் தோளில் கை வைத்துத் தேற்றியவள்தான் சின்னவள். இன்று கை எழவில்லை. பட்டன் பொட்டலம் அவிழ்ந்து பட்டன்கள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து உருண்டு விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

மாடியேறித் துணிகளைத் திணித்துப் பெட்டியை மூடினாள். கட்டிலில் கிடந்த கிட்டாரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியிறங்கும்போது நாலு மாதத்துப் பேச்சு முழுவதும் காதில் ஓடியது. 'நீ எதுக்குத் தனியா கஷ்டப்படுற.' 'உன் விரல் தங்கமான விரல்.' எந்த வார்த்தையும் அவளுக்காகச் சொன்னதில்லை. அவள் வாசிக்கும்போதெல்லாம் மெஷின் நின்றதுகூட அவளைக் கேட்க அல்ல. மாடிக்காரம்மாவின் பிடி அவள் கைக்கு மாறிவிட்டதா என்று பார்க்கத்தான்.

வாசலில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சாப்பிட்டுட்டாவது போயேன்."

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஊரின் மறுகோடியில் ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை கிடைத்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை, மேசை, இரண்டு நாற்காலி, பாய். கீழே பகல் முழுக்க மெஷின்கள் இரைந்தன. அந்த இரைச்சல் அவளுக்கு வேண்டியிருந்தது. மோதிர விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்குப் போவதை விட்டுவிட்டு வேறு கடையில் சேர்ந்தாள். ஒரு வாரம் விரல் சும்மா இருந்தது. பத்து நாள். பதினைந்து நாள். பிளாஸ்திரியைப் பிரித்தபோது பள்ளம் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது. அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அச்சகத்துக்கு விடுமுறை. மத்தியானம் கட்டிடமே நிசப்தமாக இருந்தது. அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி மேசையில் உட்கார்ந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். நாலாவது தடவை அடித்ததும் எடுத்துவிட்டாள்.

"எப்படிடி இருக்க?" அக்காவின் குரல் நைந்திருந்தது. "என்னைத் திட்டவாவது செய்யேன்."

சின்னவள் வாய் திறக்கப் போனாள். அப்போது போனில் அது கேட்டது.

அடி. இழு. அடி. இழு.

ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஒரு சத்தம்கூட ஊமையாகவில்லை.

"பாப்பாவை எதுக்கு அந்த ரூமுக்குள்ள விட்ட?" சின்னவள் கத்தினாள். "உனக்குப் புத்தி இருக்கா? முதல்ல அவளைக் கீழ கூப்பிடு!"

"பாப்பாவா? அவ இன்னும் ஹாஸ்டல்லதான் இருக்கா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், அவளைப் பாக்கப் போறதுக்கு."

"அப்ப கிட்டார் வாசிக்கிறது யாரு?"

போனில் பஸ் ஹாரன் ஒலித்தது. யாரோ ஊர்ப்பெயர் சொல்லிக் கூவினார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேடி" என்றாள் அக்கா.

சின்னவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். போன் வலது கையில் இருந்தது. இடது கை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், வெறும் மேசைப் பலகையின் மேல் கிடந்தது.

அதன் மோதிர விரல் பலகையில் விழுந்து விழுந்து எழுந்தது. அதை அவள் அசைக்கவில்லை.

"என்னடி? என்ன கேக்குது? சொல்லேன்."

சொல்லிவிடலாம். அக்காவுக்கும் தூக்கம் போகட்டும். ஆனால் அது வீட்டை விட்டும் பின்னால் வரும் என்று சொன்னால், பயத்தில் அக்கா அந்தப் பிள்ளையை ஹாஸ்டலிலிருந்து அழைத்துவரவே மாட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சின்னவள். "பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு. அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா விசும்பத் தொடங்கினாள். என்னவோ சொல்ல வந்தாள். அதைக் கேட்க விருப்பமில்லாமல் சின்னவள் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

இருமல் மிட்டாய் வாசனை அறையை நிறைத்தது.

எதிரே இருந்த காலி நாற்காலி, தரையில் கிறீச்சிட்டபடி மேசைக்குக் கிட்டே நகர்ந்து வந்தது. அவளுடைய சுண்டு விரலின் மேல், இதுவரை பாடமே படிக்காத விரலின் மேல், சில்லென்று ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது.