தட்டுவதற்கு முன் எரிந்த விளக்குகள்

மார்லிஸ் பம்பரைத் தட்டுவதற்கு முன்பே விளக்குகள் எரிந்தன.

ஒரு தட்டு என்றால் ரிவர்ஸ் கியர் போடு. இரண்டு தட்டு என்றால் கியரை எடுத்துவிடு. கேஸ் ஹீட்டரின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் அவளும் தம்பி டூவேனும் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவன் வண்டிக்குள், அவள் வண்டிக்குப் பின்னால். ஸ்பானரை எடுத்திருந்தாளே தவிர இன்னும் ஓங்கவில்லை.

"அவசரக்குடுக்கை" என்று முணுமுணுத்தாள்.

பிக்கப்புக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவே இரண்டு முழ இடம்தான். பனிக்காலத்தில் அந்தப் பக்கத்தில் எல்லோரும் வண்டியைப் பின்னோக்கி ஏற்றி, மூக்கை வாசல் பக்கம் வைத்தே நிறுத்துவார்கள்; எஞ்சினைச் சூடாக வைக்கும் வயர் அப்போதுதான் எட்டும், விடிகாலையில் பனி தள்ள நேரே கிளம்பிவிடலாம். இன்று வேலை பின்பக்கம், பம்பரில் புது ரிவர்ஸ் விளக்குகள் மாட்டுவது என்று தெரிந்தும் பழக்கத்தில் அப்படியே ஏற்றிவிட்டாள். கராஜின் பின்பாதியில் இருபுறமும் விறகு கூரையை முட்ட அடுக்கியிருந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்துதான் இங்கே வந்திருந்தாள். சக்கர மறைவுகளில் அப்பிய பனி உருகிச் சொட்டும் சத்தமும், சாலை உப்பின் வாடையும், சுட்ட வயர் உறையின் காரமும் அந்த இரண்டு முழத்துக்குள் அவளோடு அடைந்து கிடந்தன.

மத்தியானம் டூவேன் கிண்டலடித்தான். "இவ்வளவு வெளிச்சம் எதுக்குக்கா? ஒறஞ்ச ஏரில பிளேன் எறக்கப்போறியா?"

"வாய மூடிட்டு முன்பக்க வேலையப் பாருடா."

எதற்கென்று அவனுக்கும் தெரியும். போன ஜனவரியில் எய்னோ கங்காஸின் வாசலில் பனி தள்ளிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, அந்தக் கிழவர் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. வண்டியோடு வந்த பழைய பின்விளக்குகள் பனி அப்பி மங்கியிருந்தன. அவள்மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. சக்கரம் ஏறி இறங்கியபோது இருக்கையில் உணர்ந்த சின்ன மேடு மட்டும் போகவில்லை.

இரண்டு முறை தட்டினாள். விளக்குகள் அணையவில்லை.

மறுபடி தட்டினாள். நாலரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. புது விளக்குகளின் வெள்ளை வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, அவள் கைரேகைகளில் படிந்த கரியைக்கூடக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ யோசித்து முடித்ததுபோல, அவை அணைந்தன.

கைபேசி அதிர்ந்தது.

"அக்கா, பதினஞ்சு ஆம்பியரா, இருபதா?"

"எது?"

"ஃபியூஸ்க்கா. கடைல நிக்கிறேன்."

"கடைலயா?"

"போறேன்னு கத்திட்டுத்தானே வந்தேன். காது அவுட்டா உனக்கு?"

"அப்ப வண்டில யாருடா?"

அவன் சிரித்தான். "பேயா இருக்கும். சாவி எங்கிட்ட இருக்கு. ஃபியூஸே இன்னும் மாட்டல. அது எப்படி எரியும்?"

"எரிஞ்சுதுடா."

"வெளயாடாதக்கா."

"டூவேன், வந்துடு. உடனே வா."

"இருபது நிமிஷமாவது ஆவும், ரோடு பூரா வழுக்குது. அக்கா? என்னாச்சு?"

ஹீட்டர் நின்றது. தானாக நிற்கும், தானாக எரியும். எப்போதும் அப்படித்தான். ஆனால் அந்த மௌனத்தில், முன்னால், இருக்கையின் ஸ்பிரிங் மெதுவாக முனகியது. வண்டியின் பின்பாகம் ஒரு விரற்கடை அசைந்தது. யாரோ வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

பின்கண்ணாடி முழுக்க உறைபனி. உள்ளே எதுவும் தெரியவில்லை.

எஞ்சின் உறுமியது.

புகைக்குழாயின் சூடான மூச்சு அவள் முழங்காலில் பட்டது. கைபேசி நழுவியது. சுவர் சிவந்தது. பிரேக் விளக்கு. பிரேக்கை மிதிக்காமல் இந்த வண்டியில் கியர் நகராது. உள்ளே ஒரு கால் இருக்கிறது.

கடக்.

வெள்ளை.

அடியில் புகுந்துவிடலாம் என்று குனிந்தாள். பின்சக்கரங்கள் இரண்டும் அவள் தலையை எதிர்பார்த்து நின்றன. மேலே ஏறலாம். ஏறினால் அந்தக் கண்ணாடியை நோக்கித்தான் போக வேண்டும். முதுகைச் சுவரோடு ஒட்டினாள். கான்கிரீட் சட்டையைத் தாண்டிக் குளிர்ந்தது.

"தெரியலங்க" என்றாள். "சத்தியமா நீங்க நின்னது எனக்குத் தெரியலங்க."

கீழே கைபேசியில் டூவேன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பின்கண்ணாடியில், உட்பக்கமிருந்து, ஒரு உள்ளங்கை பதிந்தது. அவசரமில்லாமல் துடைத்தது. வட்டமாக. இன்னும் கொஞ்சம் பெரிய வட்டமாக.

அதற்குள் ஒரு முகம் நெருங்கி வந்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நிதானமாகப் பார்த்தது.

அவள் தலை முதல் கால் வரை வெளிச்சத்தில் நின்றாள்.

முகம் தலையாட்டியது.

சிவப்பு அணைந்தது.