வேட்டிக்குள் இருந்த கால்

செவ்வாயின் எட்டாம் குடியிருப்பில் ஞாயிறு காலையென்றால், வீட்டுக்கு வீடு ஆட்கள் தனியாக நின்று "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்துத் துள்ளிக்கொண்டிருப்பார்கள். கூரையில் பதித்த அசைவுக்கண் அவர்கள் உடம்பை அளந்து, அதே போல ஓர் ஒளியுருவைப் பொதுத் திடலில் ஓடவிடும். அங்கே பாடி வரும் ஒளியுருவின் காலை எதிராளி பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இந்த வருடப் பரிசு, பூமிக்குப் போய்வர ஒரே ஒரு சீட்டு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் பிராணவாயுக் கூடத்து மெக்கானிக் சொரிமுத்துவும் அவன் மனைவி ஆவுடைத்தங்கமும். அவன் முன்னறையில் நின்று ஆடினான், அவள் அடுக்களையில். மாம்பழப் பருவத்தில் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவன் ஆறு வருடமாக ஏங்கிக் கிடந்தான். அவளுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்.

சொரிமுத்துவை இதுவரை ஒருவரும் பிடித்ததில்லை. பெரிய திறமையெல்லாம் கிடையாது, வேட்டி கட்டிக்கொண்டு ஆடினான், அவ்வளவுதான். அசைவுக்கண்ணை வடிவமைத்த மேதாவிகள் வேட்டியைக் கண்டதில்லை. துணிக்குள் முழங்கால் எங்கே, கணுக்கால் எங்கே என்று அது குழம்பி, அவன் ஒளியுருவை இடுப்புக்குக் கீழே வெறும் புகையாக வரைந்தது. இல்லாத காலை யார் பிடிப்பது? ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் மூன்று முறை கண்ணைத் திருத்திப் பார்த்துக் கைவிட்டது. விதிப்புத்தகத்திலும் வேட்டிக்குத் தடை இல்லை.

இன்னும் ஒரே ஒரு முறை பிடிபடாமல் திரும்பினால் சீட்டு அவனுக்கு. திடலில் நடுக்கோட்டைத் தாண்டி மனைவியின் ஒளியுருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆவுடைத்தங்கம் புகையைத் துழாவி அலுத்துப்போய் நிமிர்ந்தாள். அடுக்களையிலிருந்தே கத்தினாள்.

"ஒங்க அக்கா வீட்டு மாம்பழமெல்லாம் ஒரு பழமாக்கும்? எங்க ஊர்ல மாடுகூட மோந்து பாக்காது!"

பதில் சொன்னால் பாட்டு அறுந்துவிடும், தோல்விதான். அது அவனுக்குத் தெரியும். வாய் ஒழுங்காகக் "கபடி கபடி" என்றுதான் சொன்னது, கொஞ்சம் உரக்க. கைகள்தான் பேச்சைக் கேட்கவில்லை. சண்டை என்று வந்தால் அவன் அப்பாவும் தாத்தாவும் முதலில் என்ன செய்வார்களோ, அதைச் செய்தன. வேட்டியை மடித்துக் கட்டின.

மூன்று திருத்தத்திலும் கிடைக்காத கால்கள் அசைவுக்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தன. திடலில் புகை விலகி, இரண்டு கெண்டைக்கால்கள் முளைத்தன. ஆவுடைத்தங்கம் நிதானமாகக் குனிந்து ஒன்றைப் பிடித்தாள். குடியிருப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

சாயங்காலம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றான். வேட்டி சமர்த்தாகக் கணுக்கால்வரை இறங்கியிருந்தது.

"ஏட்டி, அக்கா வீட்டுக்கும் ஒரு நட போய்ட்டு வருவியா?"

"பின்னே போகாம? மாம்பழம் அங்கதான நல்லாருக்கும்."