ரைட்டும் முட்டையும்

அத்தனை பழைய மெழுகு விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டியது.

கார் முன்கதவின் உள்ளட்டையைக் கழற்றி, பின்னால் தெரிந்த தகட்டைக் கந்தல் துணியால் துடைத்தபோது, பெரியவனின் விரலில் மஞ்சள் மெழுகு பிசுபிசுவென்று வந்தது. ஜப்பான் தொழிற்சாலையில் யாரோ கையால் போட்ட குறி அது. பழைய ஜப்பான் கார்களைப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தகட்டைச் சோதித்தவன் மெழுகுப் பென்சிலால் எதையாவது கிறுக்கிவிட்டுப் போயிருப்பான். வண்டி ஊரெல்லாம் சுற்றிப் பேரன் பேத்தி எடுத்தாலும் அது அட்டைக்குப் பின்னால் அப்படியே கிடக்கும். ஆனால் காய்ந்து, தொட்டால் உதிரும். இது இப்போதுதான் போட்டது மாதிரி இருந்தது. மோந்து பார்த்தான். அணைத்த மெழுகுவத்தியின் வாசனை, அதற்கு அடியில் ஈர இரும்பின் வாசனை.

"அண்ணே, வாத்தியார் பேப்பர் திருத்தின மாதிரியில்ல திருத்தி வச்சிருக்கான்!" என்று வண்டிக்குள்ளிருந்து சின்னவன் சிரித்தான்.

பெரியவனுக்குத் தகட்டு வேலை, அவன் தம்பி சின்னவனுக்குப் பெயின்ட் வேலை, பெரியவனின் மனைவிக்கு சீட் தைக்கிற வேலை. தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டில் மூன்று பேரும் ஒரே குடும்பமாக ஒரே வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்களைத் தவிர பெரியவனுக்கு உலகத்தில் யாரும் இல்லை. அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சின்னவன் சொன்னது சரிதான். தரைத் தகட்டில் ஓர் இடத்தில் வட்டம், இன்னோர் இடத்தில் ரைட். கதவைத் தாங்கும் தூணில் ரைட், கதவடியில் வட்டம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோழி கிண்டின மாதிரி நாலு எழுத்து.

"ரைட் போட்டது பாஸ், முட்டை போட்டது ஃபெயில். நான் ஸ்கூல்ல வாங்காத முட்டையா?" என்றான் சின்னவன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. குறி போட்டவன் சொன்னால் சொன்னதுதான் என்று, முட்டை போட்ட இடங்களையெல்லாம் பெரியவன் தன் கையாலேயே இரும்பு வெட்டும் கிரைண்டர் பிடித்து வெட்டி எடுத்தான். வெட்ட வெட்ட அவனுக்கு நெருடியது. வெட்டிய தகட்டில் துளி துருவில்லை, கண்ணாடியாக மின்னியது. ரைட் போட்ட தூணை ஸ்க்ரூடிரைவரால் சும்மா ஒரு தட்டுத் தட்டினான். அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளேயிருந்து செம்பழுப்புத் தூள் கொட்டியது. ஜப்பான்காரனும் மனுஷன்தானே, அசந்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்காமல் குறிகளைப் போட்டோ எடுத்து, பழைய கார் இறக்குமதி செய்கிற ஏஜென்டுக்கு அனுப்பி, ரைட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. கூரையில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, அதற்கு உள்ளே, மிக அருகில், முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாகக் கோடு இழுக்கிற சத்தம். ஒரு சின்ன இழுப்பு, பிறகு ஒரு நீள இழுப்பு. சர்க். சர்ர்ர்ர்.

திரும்பினால் யாருமில்லை. வேலையைப் பார்ப்போம் என்று சுத்தியலை எடுத்துத் தகட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தான். கைப்பிடி படக்கென்று முறிந்தது. இரும்புத் தலை அவன் காதை உரசிக்கொண்டு பறந்து சுவரில் போய்ப் பதிந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. கையில் மிஞ்சிய கட்டையில் மஞ்சளாக ஒரு ரைட்.

"விளையாட இதுதான் நேரமாடா?"

"சத்தியமா நான் போடலண்ணே." சின்னவனின் முகத்தில் சிரிப்பு இல்லை.

சுத்தியல் பழசு, கட்டை உளுத்துப் போயிருக்கும் என்று பெரியவன் நினைத்துக்கொண்டான். வேறு எப்படியும் நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தையல் மெஷினிலிருந்து எழுந்து அவன் மனைவி ஓடி வந்தாள். புடவைத் தலைப்பால் காதை அழுத்திப் பிடித்து, "கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே குனிந்தாள். அவள் பின்கழுத்தில், முடிக்குக் கீழே, அழகாக ஒரு மஞ்சள் வட்டம்.

பெரியவன் தன் கையைப் பார்த்தான். முட்டை போட்ட ஒவ்வோர் இடத்தையும் சற்றுமுன் இதே கையால்தானே வெட்டி எடுத்தான்? அவன் பார்வை கிரைண்டருக்குப் போனது. அவசரமாக சின்னவனைத் திருப்பி நிறுத்திக் கழுத்தைப் பார்த்தான். காலருக்கு மேலே ரைட். அப்பாடா என்றிருந்தது.

"நீ வீட்டுக்குப் போ."

"என்னங்க இது, சீட்டு பாதி தச்சபடியே கிடக்கு. மழை வேற..."

"போன்னா போ! இந்த ஷெட்டுக்குள்ள இனி கால் வைக்காதே!"

இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் இப்படிக் கத்தியதில்லை. அவள் கண் கலங்கக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் நின்று, "தம்பி, நீயாவது உங்கண்ணனப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு கதவை இழுத்துத் தாழ் போட்டான். இனி பயமில்லை. தம்பிக்குத்தான் ரைட் போட்டாயிற்றே.

"அடித்தகட்டுல இன்னும் என்னென்ன குறி இருக்குன்னு பார்த்துடலாம். நீயே உள்ள போடா, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

சின்னவன் மல்லாந்து படுத்து, ஸ்டாண்டுகளில் நின்ற வண்டிக்கு அடியில் சறுக்கிப் போனான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. அப்போது போன் அடித்தது. ஏஜென்ட்.

"ஏம்ப்பா, எந்தப் புண்ணியவான் சொன்னான் இதை ரைட்டுன்னு? ஜப்பான்ல வட்டம் போட்டாத்தான் சரி. நம்ம ரைட்டு அவங்களுக்குத் தப்பு. பக்கத்துலயே எழுதியிருக்கானே, இதை வெட்டி எடுத்துட்டு வேற போடுன்னு."

போன் கையிலிருந்து நழுவியது. நல்லதை விரட்டிவிட்டு, வெட்டச் சொன்னதை அடியில் படுக்க வைத்திருக்கிறான்.

"டேய், வெளிய வா! வாடா!"

கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது.

வண்டிக்கு அடியில். கிரைண்டர் அங்கே இல்லை; மேஜைமேல், ஒயர் சுற்றி, சும்மா கிடந்தது. ஆனாலும் சத்தம் அடியிலிருந்துதான் வந்தது. இரும்பை வெட்டினால் கிறீச்சிடும் என்று அவனுக்குத் தெரியும். இது கிறீச்சிடவில்லை. ஈரமாக இழுத்தது.

சின்னவன் அலறினான். "அண்ணே!" என்று ஆரம்பித்த அலறல் பாதியில் கொப்பளித்தது. கால்கள் தரையை உதைத்தன. ஒரு செருப்பு பறந்தது. பெரியவன் பாய்ந்து கணுக்கால்களைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அந்தப் பக்கம் வேறு யாரோ பிடித்திருந்தார்கள். நிதானமாக. வேலை முடியும்வரை விடாத பிடி.

சூடான ரத்தம் சிமென்ட் தரையில் பரவி அவன் முழங்காலை நனைத்தது. மெயின் ஸ்விட்சை ஓடிப்போய் அணைத்தான். விளக்கு போனது. சத்தம் போகவில்லை.

பிறகு அதுவும் நின்றது. கால்களும்.

இருட்டில் நீல வெளிச்சம் வெட்டியது. வெல்டிங். ஒரு பொட்டு. இடைவெளி. இன்னொரு பொட்டு. கருகிய மயிரின் நாற்றம். கருகிய சதையின் நாற்றம். பெரியவன் வாய்விட்டு அழுதான். தம்பி பேரைச் சொல்லி அழுதான்.

கடைசியாக, கோடு இழுக்கிற சத்தம். இந்த முறை சுற்றிக்கொண்டு வந்தது.

சின்னவனின் குதிகால்கள் தரையை ஊன்றின. மெல்ல வெளியே சறுக்கி வந்தான். எழுந்தான். அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் பின்கழுத்து தெரிந்தது. சதை இல்லை. சதுரமாக, வரி பிசகாமல் வெட்டிப் பொருத்திய தகடு. ஓரமெங்கும் வெல்டிங் பொட்டுகள். வண்டியின் நீலம். நடுவில் மஞ்சள் வட்டம்.

திரும்பினான். கழுத்து திரும்பவில்லை, உடம்பு மொத்தமாகத் திரும்பியது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"டேய்... தம்பி..."

சின்னவன் கையை நீட்டி அண்ணனின் முகத்தில் வைத்தான். ஐஸ் மாதிரி இருந்தது. தகட்டில் மேடு பள்ளம் தேடுகிறவன் போல உள்ளங்கையை அழுத்தாமல் ஓட்டினான். நெற்றி. மூக்கு. தாடை. ரத்தம் வழியும் காது.

கை அங்கே நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி தடவிப் பார்த்தது.

இன்னொரு கையில் மஞ்சள் பென்சில். முதலில் ஒரு சின்ன இழுப்பு. பிறகு, கன்னம் முழுக்க, ஒரு நீள இழுப்பு.