தெரிவிக்கப்பட்டது

செவ்வந்தி வீட்டு வாசலில் நீல வார் வைத்த ஆண்செருப்பு ஈரத்தோடு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. வார் பிய்ந்த இடத்தில் கம்பி கோத்திருந்தது. இதே செருப்பை முனியன் மூன்று நாளைக்கு முன்பு தன் போனில் பார்த்திருந்தான், ஒரு பிணத்தின் காலில்.

முனியன் கிராமத்துத் தலையாரி. எங்கே எவன் அடிபட்டுச் செத்தாலும் ஸ்டேஷன் ரைட்டர் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போடுவார். இவன் மலையேறிப் போய் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, 'தெரிவிக்கப்பட்டது' என்று பதில் போட வேண்டும். இருபது வருஷமாகச் சாவு சேதி சுமந்து சுமந்து, வெள்ளிமலைப் பக்கம் இவன் தலை தெரிந்தாலே கதவைச் சாத்தினார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. செவ்வந்தியின் புருஷன் பச்சமுத்து ஒருத்தன்தான் "வாண்ணா, சாப்ட்டியா?" என்று கேட்பான். பக்கத்தில் உட்காரவைத்துச் சாமைச்சோறு போடச் சொல்வான்.

அந்தப் பச்சமுத்துதான் சின்னசேலம் ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனான். அந்தச் சேதியை அந்த வீட்டுக்கே எப்படித் தூக்கிக்கொண்டு போவான்? மழை விடட்டும், விடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று பதிலை மட்டும் போட்டுவிட்டான். மழை விட்டது. கால்தான் நகரவில்லை, பாவிக்கு.

இன்று மத்தியானம் ரைட்டர் போனில் கத்தினார். சொல்லிவிட்டதாகப் போட்டாயே, பிணத்தை வாங்க ஒரு ஆளும் வரவில்லையே, நாளைக் காலையில் நாங்களே புதைத்துவிடுவோம் என்றார். இப்போதாவது சொன்னால்தான் செவ்வந்தி அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியும். அதனால்தான் ஏறி வந்தான்.

பொழுது சாய்ந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை, வெந்த சாமையின் வாசனை, அதற்கு அடியில் ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் மருந்தின் நெடி. வீட்டுக்குள்ளே நிறுத்தி நிறுத்தி, பொலபொலவென்று ஏதோ உதிரும் சத்தம். எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். முகத்தில் அழுத தடம் இல்லை. கொஞ்சம் அலுப்புதான்.

"வாண்ணா. மூணு நாளா எங்கூட்டுக்காரு பொழுது சாயத்தான் வர்றாரு. வாயத் தொறந்து பேச மாட்றாரு. தின்னுக்கினே இருக்காரு, கீழதான் ஜாஸ்தி கொட்டுது. நீயாச்சும் இன்னான்னு கேளு."

முனியன் நிலைப்படியைத் தாண்டினான். இவளுக்கு யாரும் சொல்லவில்லை. செத்தவனுக்கும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே இருட்டு. சுவரைப் பார்த்து ஒரு முதுகு. முன்னால் வட்டில்.

கை வாய்க்குப் போனது. பொலபொல.

மறுபடியும் கை. பொலபொல.

மெல்லத் திரும்பினான் பச்சமுத்து. சட்டை இல்லை. கழுத்தடியிலிருந்து தொப்புள் வரை சாக்குத் தைத்த மாதிரி தையல். விழுங்கின சோறெல்லாம் அந்த இடுக்கு வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது.

மூன்று நாளில் முதல் தடவையாக அந்த வாய் பேசியது.

"வாண்ணா. சாப்ட்டியா?"

செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப் போய் இன்னொரு வட்டிலை எடுத்துவந்து புருஷன் பக்கத்தில் வைத்தாள்.

"உக்காரு. இன்னா சேதி?" என்று கேட்டபடியே, பச்சமுத்து தன் மடியிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த வட்டிலில் வைத்தான்.