டைம் அம்மா எடுத்த டிக்கெட்

டைம் அம்மா காலைக் காபியை வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் கைபேசியும் கையுமாக அடுக்களைக்குள் வந்து அதைச் சொன்னாள்.

"அத்தை, முடிவு பண்ணியாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை நாங்க சிட்டிக்குப் போறோம். மூணு நாள். நாங்க நல்லா ஊர் சுத்தப் போறோம், நாங்க பெரிய பெரிய ஓட்டல்ல சாப்பிடப் போறோம். பஸ் நேரமெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்... நீங்கதான் பிளான் போடணும்."

"சரிம்மா" என்றாள் டைம் அம்மா. வடிகட்டியைத் தட்டிய தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது.

மருமகள் குளிக்கப் போனதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாத்தனார் கழுத்தை நீட்டினாள். இந்த மாதிரி சந்தர்ப்பத்தை அவள் தவற விட்டதே கிடையாது.

"கேட்டியா... 'நாங்க'வாம். பிளான் போட மட்டும் நீ வேணும்."

டைம் அம்மாவுக்கு அது காதில் விழாமல் இல்லை. நாத்தனார் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. 'நாம' என்று சொல்லியிருந்தால் எதிரில் நிற்பவளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டதாக அர்த்தம். 'நாங்க' என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவது. சின்னக் குழந்தைகூட இதில் தப்புப் பண்ணாது.

மருமகள் வேறு மொழி பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள்தான். ஆனால் ஆறே மாதத்தில் தமிழை மடக்கிப் பிடித்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு அளவு பார்க்கிற வேலை. கடைக்கு வருகிறவர்களிடம் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டு, பிறந்ததே இந்த ஊரா என்று கேட்பார்களாம். அதில் டைம் அம்மாவுக்கே உள்ளூரப் பெருமை உண்டு. அதனால் அவள் தமிழைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டைம் அம்மா என்பது ஊர் வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர் வேலை. முதலில் அந்த நாற்காலி அவள் கணவருடையது. மகன் ஐந்தாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே அவர் சாய்ந்தார். இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில் இவளை உட்கார வைத்தார்கள். ஒரு பெண் விசில் ஊதினால் எந்த டிரைவர் வண்டியை எடுப்பான் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களெல்லாம் மூன்று மாதத்தில் அவள் விசிலுக்குக் காத்திருக்கப் பழகினார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் ட்யூட்டியில் எந்த வண்டியும் அவள் கையெழுத்து இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே போனதில்லை.

அந்தச் சம்பளத்தில்தான் மகன் லிப்ட் மெக்கானிக்குக்குப் படித்தான். அந்தச் சம்பளத்தில்தான் கணவரின் அக்காவும் இந்த வீட்டில் சோறு தின்றாள். வருடத்துக்கு ஒரு தடவை வேலை செய்கிறவர்களுக்கு இலவசமாகப் போய்வரப் பாஸ் கொடுப்பார்கள். அந்தப் பாஸில் வருடம் தவறாமல் போய்வந்தவள் நாத்தனார், தன் மகள் வீட்டுக்கு. சிட்டிக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு வண்டி போகிறது. பதினான்குக்கும் நேரம் குறித்தவள் டைம் அம்மா. ஒன்றில்கூட ஏறி உட்கார்ந்தவள் இல்லை.

கல்யாணம் முடியட்டும், எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை சிட்டிக்குப் போய்வரலாம் என்று மகன் போன வருடம் சொல்லியிருந்தான். சொன்னவன் மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை. யாரிடமும் வாய் திறந்து கேட்கவும் மாட்டாள். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதற்குப் பாசம் என்ன சேலையா என்பது அவள் கட்சி.

அன்றைக்கு வேலைக்குப் போனவள், அழவில்லை. அதற்கு மேல் ஒன்று செய்தாள். யாரும் குறை சொல்ல முடியாத ஒரு பிளான் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

சிட்டி வண்டி டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துக்கு நிற்கும்போது விசாரித்தாள். எங்கே சாப்பாடு வாய்க்கு ருசியாக இருக்கும், எங்கே வெளியே பளபளப்பும் உள்ளே ஆறிப்போன சோறுமாக இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆற்றங்கரையில் மீனை நெருப்பில் சுட்டுத் தருகிற இடம், மொட்டை மாடியில் மேசை போட்ட ஓட்டல், மணிக்கூண்டுக்குப் பின்னால் காலையில் மட்டும் திறக்கிற ரொட்டிக் கடை... எல்லாம் வந்தது. பழைய கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும், அருங்காட்சியகத்தில் எந்த நாள் கூட்டம் குறைவு, படகு எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் வண்டி நேரம் குறிக்கிற பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் அடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினாள். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் கூட வீணாகவில்லை. அதைப் பார்த்த சிட்டி டிரைவர், இப்படி ஒரு பிளான் கையில் இருந்தால் அந்த ஊர் மேயரே சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுவார் என்றான். அவளுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

காலை ஆறு பத்து வண்டியில் மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர் சீட். வெயில் அடிக்காத பக்கம். இரண்டு டிக்கெட்.

அதோடு விடவில்லை. கூட வேலை பார்க்கிற சின்ன டைம்கீப்பரின் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அவனுக்கு அந்த மூன்று நாளும் லீவு தேவைப்பட்டது. அவன் ட்யூட்டியையும் தானே பார்ப்பதாக வாக்குக் கொடுத்தாள். கடைசி நேரத்தில் யாராவது போனால் போகிறதென்று கூப்பிட்டால்கூட வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அந்தப் போனால் போகிறது வேண்டாம்.

இதற்கிடையில் மருமகள் வேறு தினம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கோட்டையில் எத்தனை படி இருக்கும், அந்த ஓட்டலுக்கு மாடி ஏற வேண்டியிருக்குமா, லிப்ட் உண்டா... இருபத்தாறு வயதில் படி ஏற மாட்டாளாமே என்று நாத்தனார் முகவாயில் கை வைத்தாள். டைம் அம்மா அதையும் விசாரித்து, லிப்ட் இல்லாத இடங்களை அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகனும் மருமகளும் வேலை விட்டு வந்ததும், பிளானையும் டிக்கெட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மருமகள் ஆசை ஆசையாக எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. ரொட்டிக் கடை வந்த இடத்தில் கைகூடத் தட்டினாள். அப்புறம் டிக்கெட்டைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் இன்னும் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தேடினாள்.

"ரெண்டுதான் இருக்கு அத்தை..."

"ரெண்டு பேருக்கு ரெண்டுதான."

மருமகளின் முகம் அப்படியே வாடிப்போனது. டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். தோள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

மகனுக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இது? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாமே. இந்த வாரம் பூரா அவ உன்கிட்ட லிப்ட் இருக்கா, லிப்ட் இருக்கான்னு கேட்டுட்டு இருந்தா. உன் முட்டிவலிக்குத்தான கேட்டா? இப்படி ரெண்டு டிக்கெட்ட தூக்கி மூஞ்சில எறியற மாதிரி..."

டைம் அம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. முட்டிவலியா? தன் முட்டிக்காகவா அத்தனை கேள்வியும்? ஆனால் மகன் போட்ட சத்தம் நெஞ்சில் தைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் யாருக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாளோ, அவன் வாயிலிருந்து இது.

"நான் எதையும் எறியல. 'நாங்க போறோம்'னு அவதான சொன்னா? நாங்கன்னா உங்க ரெண்டு பேரு. அழையாத வீட்டுக்குப் போற பழக்கம் உங்க அம்மாவுக்குக் கிடையாதுடா."

ஜன்னலிடமிருந்து மருமகள் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் எத்தனை தடவ கூப்பிட்டேன் அத்தை... தினமும் கூப்பிட்டேன். நாங்க போறோம், நாங்க போறோம்னு. நீங்கதான் எப்பவும் வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து நீங்க ஞாயித்துக்கிழமையானா தட்டு வெச்சுட்டு டிப்போவுக்குப் போயிடறீங்க. நான் வேற பாஷைக்காரின்னு உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?"

உள்ளே போய்விடலாமா என்று டைம் அம்மாவுக்குத் தோன்றியது. இத்தனை வருடமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். வாயைப் பூட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் ஏதோ ஒன்று இடித்தது. கூப்பிட்டேன் என்கிறாள், நாங்க என்கிறாள். இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும்? வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டு நிற்காதவள், அன்றைக்குக் கேட்டாள்.

"ஏம்மா... நாங்கன்னா யாரு யாரு? எனக்குச் சொல்லு."

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலை நீட்டி எண்ணினாள். "நீங்க. பெரியத்தை. இவர். அப்புறம் நான்."

"அப்ப நாமன்னா?"

"நாமன்னா நானும் இவரும் மட்டும். இவர் என்கிட்ட தனியா பேசும்போது அப்படித்தான் சொல்வார். நாம சினிமாவுக்குப் போலாமா, நாம தூங்கலாமான்னு..."

மகன் சட்டென்று கூரையைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. மருமகளுக்கு அது தெரியவில்லை. அவள் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ, நீங்க. அவ, அவங்க. 'ங்க' சேத்தா மரியாதைன்னு நான்தான் கத்துக்கிட்டேனே அத்தை. உங்களையும் சேத்துச் சொல்லும்போது வெறும் நாமன்னு எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காதேன்னு நாங்கன்னு..."

டைம் அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதம். நாங்க இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். நாங்க சாயங்காலத்துல நடக்கப் போகணும். நாங்க ஞாயிற்றுக்கிழமை ஒண்ணா சாப்பிடணும்... ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் இவளைக் கைநீட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இவள் பெருந்தன்மையாக விலகி வழிவிட்டிருக்கிறாள். மரியாதை கூடிப்போய்த்தான் தன்னை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடிப் பைத்தியமே..." என்று மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஆறு மாசமா என்னை வாசல்ல நிக்க வெச்சுட்டு, உள்ள இலை போட்டுக் காத்துட்டு இருந்தியா?"

மருமகளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மகன் வந்து இலக்கணத்தை விளக்கியதும் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அழுதாள். கடைக்கு வருகிறவர்களிடம் 'நாங்க கண்ணாடி போட்டுப் பாக்கலாம்' என்று தான் சொல்லும்போதெல்லாம் அவர்கள் ஏன் விழித்தார்கள் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியதாம். மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சத்தம் போட்டது தப்பும்மா என்றான். கீரை ஆய இப்போது ஒன்றும் இல்லாததால் நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்களும்தான் அந்த 'நாங்க'வுல இருக்கீங்க" என்றாள் டைம் அம்மா. நாத்தனார் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் கொளுத்திப் போடாமல் எழுந்து போனது அந்த வீட்டில் அன்றைக்குத்தான்.

காலையில் இன்னும் இரண்டு டிக்கெட் எடுத்துவிடலாம் என்று மகன் துள்ளினான். டைம் அம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். சின்ன டைம்கீப்பருக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அவன் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, ஊர் சுற்றப் போகிறேன் என்று அவள் பின்வாங்க மாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்றாள், இந்தத் தடவை மனசாரவே. மருமகள் அந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, கூட இரண்டு எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நிலையத்தில் வரிசை நீளமாம், திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவர்கள் நாலு பேரும் சிட்டி வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். டைம் அம்மாவுக்கு ஜன்னலோரம். தினமும் பார்க்கிற நிலையம்தான், ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. டிரைவர் ஏறும்போதே அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தான். பின்சீட்டு ஆட்கள் யார் இந்த அம்மா என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆறு பத்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. சின்ன டைம்கீப்பரின் குரல். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கொஞ்சம் உரக்கவே இருந்தது. சிட்டி செல்லும் வண்டி புறப்படத் தயார் என்று வழக்கம்போலச் சொன்னான். சொல்லிவிட்டு, ஒரு தாளைப் பிரிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. மருமகள் அவசரமாகக் குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். டிக்கெட் மாற்ற ஒரு மணி நேரம் ஏன் ஆனது என்று டைம் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாற்றாமல் அவன் படித்தான். "இந்த வண்டியில எங்க அத்தை போறாங்க. இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லாரையும் நேரத்துக்கு அனுப்பி வெச்சவங்க. டிரைவர் அண்ணா, பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

அவனுக்கு எப்போதிலிருந்து இவள் அத்தையானாள் என்று நிலையமே சிரித்தது. டீக்கடைக்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். நின்றிருந்த வண்டி டிரைவர்களில் யாரோ ஒருவன் ஹாரனை அழுத்த, வரிசையாக எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. அந்த மைக்கில் வண்டி நேரத்தை மட்டுமே கேட்டுப் பழகியவள், தன்னைப் பற்றி அது பேசியதைக் கேட்டு முதுகை நேராக்கி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். பின்சீட்டிலிருந்து ஒரு பெண்மணி குனிந்து, உங்களைத்தான் சொன்னார்களா என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் டைம் அம்மா. "எழுதினது இவ. என் மருமக."

வண்டி நகர்ந்தது.