ஒற்றை டிக்கெட்

இசைக்குழு இன்னும் மேடைக்கே வரவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு சுற்றுக்கு ஒரு தரம் 'கிறீச்', பிறகு லேசாக ஒரு தட்டல். அவள் வீட்டுப் படுக்கையறை விசிறியும் அப்படித்தான். எண்ணெய் விடச் சொல்லி ஆறு மாதமாகக் கத்துகிறாள், அந்த மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

சொந்தமாகப் பாட்டுக் கட்டி வாசிக்கிற இந்தச் சின்ன ராக் குழுவுக்கு ஒலிக்கலவை பார்ப்பவன் அவள் கணவன். இன்று காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டு, ஒற்றை டிக்கெட்டை அவள் கையில் திணித்தான். தனியாகக் கடைக்குப் போகவே நாலு தடவை யோசிப்பவள், "எனக்காகப் போய்ட்டு வா" என்றதும் உருகிப்போய்ப் புறப்பட்டு வந்துவிட்டாள்.

விளக்குகள் அணைந்தன. வியர்வையும் மேடைப் புகையும் கலந்த வாடையில், முன்பின் தெரியாத தோள்கள் நெருக்க, கிட்டாரின் அதிர்வு தரை வழியே கணுக்காலில் ஏறிவர, அதற்கும் அடியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. தூங்குகிற மூச்சு. இழுக்கும்போது மூக்கில் மெல்லிய சீட்டி. விடும்போது, கனவில் யாரிடமோ பேசுவதுபோல ஒரு முனகல்.

அவளுடைய மூச்சு. கட்டிய பெண்டாட்டி அசந்து தூங்கும்போது தலைமாட்டில் மைக்கை வைத்திருக்கிறான், பாவி. அவமானத்தில் உடம்பெல்லாம் கூனிக் குறுகியது. சுற்றிலும் முந்நூறு பேர் கண்ணை மூடி அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க இது? என்னைக் கேக்காம..."

"எங்க நிக்கிற?"

"ஸ்பீக்கர் பக்கத்துல. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கிளம்பி வரேன்."

"பாட்டு முடியட்டும்மா. இன்னும் கொஞ்சம்தான்."

காய்ச்சல்காரன் குரலாக இல்லை. அவன் குரலுக்குப் பின்னாலும் இதே கிட்டார் கேட்டது.

திரும்பினாள். கூட்டத்தின் கடைசியில், கலவை மேசையின் சின்ன விளக்கொளியில், அவன். போனைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

கிட்டார் நின்றது. டிரம்ஸ் நின்றது. மூச்சு மட்டும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒலிபெருக்கி இழுத்தால்தான் அவள் நெஞ்சும் இழுத்தது. அது விட்டால்தான் இவளும் விட்டாள். முந்திக்கொண்டு இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

மேசைமேல் ஒலியளவுக் குமிழ் ஒன்றை அவன் விரல் பதமாகக் கீழே இழுத்தது. மூச்சு சன்னமாயிற்று. இன்னும் சன்னம்.

கூட்டம் கைதட்டத் தொடங்கியது. நெருக்கியடித்த தோள்களுக்கு நடுவே, கண்கள் திறந்தபடி, விழக்கூட இடமில்லாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.