நாற்பத்திரண்டாவது மூட்டை

சரக்கு குறைவது ஒனெய்தாவுக்குப் பழகியதுதான். எலி தின்னும், ஈரம் தின்னும், வேலைக்காரர்களும் கொஞ்சம் தின்பார்கள். பத்து வருடமாக மளிகைக் கடைகளில் இருப்பு எண்ணியவள் அவள். கூடிப்போனதைக் கண்டதே இல்லை. அசுவா ஊரில் இந்தக் கடைக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரிசியில் ஒரு மூட்டை கூடுதலாக இருந்தது.

"நாப்பத்தொண்ணுதானே இருக்கணும்? நாப்பத்திரெண்டு இருக்குடி!"

கிடங்கு வாசலில் தாளோடு நின்ற பெல்கிஸ் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள். ஒனெய்தாவின் மகளுக்கு ஞானத்தாய்; இந்த வேலையைப் பிடித்துத் தந்ததும் அவள்தான்.

"மறுபடி எண்ணு" என்றாள்.

தகரக் கூரை வெயிலில் முனகியது. கருவாட்டு வாடையும் சணல் வாடையும் தொண்டையில் ஒட்ட, தெருமுனை வாதுமை மரத்தடியில் ஆண்கள் தோமினோ ஆட்டக் கட்டைகளை ஓங்கி வைக்கும் சத்தம் பெல்கிஸைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருக்க, ஒனெய்தா ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டபடி இருட்டுக்குள் நகர்ந்தாள். கடைசி வரிசையில் ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினாள். உள்வாங்கி, மெல்ல மீண்டது.

"இதுக்குள்ள என்னமோ இருக்கு. வந்து பாரேன்."

"நான் வரல."

"பயந்தாங்கொள்ளி! பூனையா இருக்கும்டி."

பெல்கிஸ் வாசலிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

மூட்டை வாயின் தையலுக்கு நடுவே ஒரு கொத்து முடி நீட்டிக்கொண்டிருந்தது. செக்கச்செவேலென்று சாயம் பூசிய முடி. ஊரில் அப்படிப் பூசுகிறவள் எவாரிஸ்தா ஒருத்திதான். ஒனெய்தாவுக்கு முன் இங்கே இருப்பு பார்த்தவள். ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். விமானம் ஏற்றிவிட்டு வந்ததே தான்தான் என்று பெல்கிஸ் சொல்லியிருந்தாள்.

மூட்டை மூச்சு விட்டது.

ஒனெய்தா திரும்பி ஓடினாள். இரும்புக் கதவு முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"பெல்கிஸ்! திறடி!"

"உள்ள இருக்கறது என் பையனைக் கேட்டுச்சு, ஒனெய்தா." கதவுக்கு அந்தப்பக்கம் அழுகை. "வேற ஆளு தர்றேன்னு சொல்லிட்டேன். எனக்கு வேற வழி தெரியல."

"அதுக்கு நானா கெடச்சேன்? எம் பொண்ணு வீட்ல தனியா இருக்காடி!"

"அவளை எம் பொண்ணா வளக்கிறேன். சத்தியமா."

"உன் வாயால அவளப் பத்திப் பேசாத!"

செருப்புச் சத்தம் விலகிப் போயிற்று. நிதானமாக. ஒருமுறைகூட நிற்கவில்லை.

பின்னால் சணல் உரசியது. திரும்ப மனமில்லை. திரும்பினாள்.

மூட்டைகள் நகர்ந்திருந்தன. கடைசி வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம். அந்த இடத்தில் ஒரு வெற்றுச் சாக்கு.

நிமிர்ந்து நின்றது. வாயை அகல விரித்துக்கொண்டு. யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் காத்திருப்பதைப்போல.